மூன்றாம் எண் மூடி

படகு இன்ஜினின் மூன்றாம் எண் பேரிங் மூடியைப் பதினேழக்கா முறுக்கி முடித்த அன்று, காலை பதினொன்றே காலுக்கு, பம்ப் ஹவுஸ் தெருவில் சுழலக்கூடிய பொருள்கள் யாவும் தாமாகவே சுழலத் தொடங்கின. அப்போது கரண்ட் இல்லை, எட்டு மணிக்கே போயிருந்தது. ஆனாலும் முப்பத்தொரு வீடுகளிலும் மின்விசிறிகள் சுற்றின. ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிள்களின் பின்சக்கரங்கள் சுற்றின. மாவு மில்லின் கல் உள்ளே எதையும் கொட்டாமலே அரைத்தது. சலூனில் பாதி முகம் மழித்த நிலையில் உட்கார்ந்திருந்த தபால்காரர் நாற்காலியோடு சேர்ந்து சுற்ற, சலூன்காரர் நின்ற இடத்திலேயே நின்று, முகம் முன்னால் வரும்போதெல்லாம் ஓர் இழுப்பு இழுத்து மீதியை முடித்தார். ஒரு கீறல்கூட விழவில்லை. தபால்காரர் இறங்கி, தலைசுற்றல் தெளிந்து, கடைசி வீடு வரைக்கும் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

பதினேழக்காவின் பட்டறை அந்தத் தெருவின் ஆற்றுப்பக்க முனையில் இருந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றை இடுப்பில் எப்போதும் செருகியிருப்பாள், சாப்பிட உட்காரும்போதுகூட. அதனால் வந்த பேர் அது. அவளைவிட வயதில் மூத்த மாவு மில்லுக்காரம்மாகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அந்த மாதம் அவளிடம் இரண்டு டீசல் இன்ஜின்கள் வந்திருந்தன. இரண்டும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வருஷத்தில் வார்த்தவை, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று அக்கரைக்காரர்களுடைய பயணிகள் படகுக்கு உரியது. மற்றொன்று தெருவின் மறுமுனையில் இருந்த பம்ப் ஹவுஸில் தண்ணீர் ஏற்றுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிரித்து, ஒரே மேசையில் பரப்பி, உள்ளே சுழலும் கிராங்க் தண்டைச் சாணை பிடித்து, பேரிங் மாற்றி, புதிது போலக் கோப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் தையல்காரன். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டிருந்தான். ஒரு நாள் மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவன் மேசையைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ரெண்டு பேர் சட்டையை ஒண்ணா வெட்டினா நான் ஒவ்வொரு துண்டுலயும் சாக்பீஸால பேரு எழுதிடுவேன். நீயும் ஏதாவது எழுதி வையேன். கலந்துடப் போகுது."

"இது சட்டை இல்லங்க, இன்ஜின். எல்லாத்துலயும் நம்பர் குத்தியிருக்கு. உங்க வேலைய நீங்க பாருங்க."

அவன் தன் வேலையைப் பார்க்கப் போனான். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள், அக்கரைப் பள்ளிக்கூடத்தில் அறுபத்து நாலு பிள்ளைகளுக்குச் சீருடை அளவெடுத்துத் தைத்துக்கொடுக்க, அந்த ஊர்த் தையல் மிஷினையே பயன்படுத்திக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினான். படகின் இன்ஜின் பட்டறையில் கிடந்ததால், படகோட்டும் சாரங்கு எங்கிருந்தோ ஓர் இரவல் படகு கொண்டுவந்து அந்த வாரம் ஓட்டிக்கொண்டிருந்தார். "நாலு நாள்ல வந்துடுவேன்" என்று தையல்காரன் நிலைக்கதவைப் பார்த்துச் சொன்னான். அவன் படி இறங்கியதும் அவள் தையல் அறையை வெளியே தாழ் போட்டாள்.

இரவல் படகு பதினொரு மணிக்குச் சங்கு ஊதியபோது, பதினேழக்கா வேண்டுமென்றே ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, படகு இன்ஜினின் கிராங்கை அதன் இடத்தில் கிடத்தி, அதை அழுத்திப் பிடிக்கும் ஐந்து மூடிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கினாள். பம்ப் ஹவுஸ் இன்ஜினை முந்தின நாளே கோத்துக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டிருந்தாள். ஒரு மூடியை முறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது அவள் வழக்கம். இருபது வருஷமாக அதைத் தவறவிட்டதில்லை. அன்று பார்க்கவில்லை. அன்று அவளுக்கு முறுக்குவதில்தான் ஆசை இருந்தது. நடுமூடியைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதன் இரண்டாவது போல்ட் இறுகிய நொடியில் தலைக்கு மேல் விசிறி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நெற்றியைத் துடைத்தாள்.

தெருவுக்கு நல்ல காலம் பிறந்தது. மில்லுக்காரம்மா மூன்று நாள் அரைக்க வேண்டியதை ஒரு பகலில் அரைத்துத் தள்ளினாள். சலூன்காரர், முகம் தானே சுற்றி வருகிற வசதியில் பழகிப்போய், நாற்காலிக்கு எதிரே தனக்கும் ஒரு முக்காலி போட்டுக்கொண்டார். பம்ப் ஹவுஸ் தொட்டி நிறைந்து வழிந்து, எல்லா வீட்டுக் குழாயிலும் பகல் முழுக்கத் தண்ணீர் வந்தது. கடிகாரங்கள் மட்டும் ஒரு பகலுக்குள் ஒன்பது நாளை ஓட்டித் தீர்த்தன. மணி கேட்கிறவர்களிடம், "என் வாட்சுல இன்னிக்கு வியாழக்கிழமை, உங்களுதுல?" என்று ஜனங்கள் விளையாடினார்கள். ஊறுகாய் ஜாடி மூடிகளும் தைல பாட்டில் மூடிகளும் தாமே கழன்று உருண்டதால், எல்லாவற்றையும் நூல் போட்டுக் கட்டி வைத்தார்கள். மளிகைக்கடை டெலிபோனின் எண்வட்டம் நிற்காமல் சுழன்று தானே எங்கெங்கோ கூப்பிட்டது. அப்படி ஒரு முறை கிடைத்த ஊர் பேர் தெரியாத ஒருவரோடு கடைக்காரர் சிநேகமாகி, வாரம் ஒரு தடவை நலம் விசாரித்துக்கொண்டார். மின்சார அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, விசிறிகளை அண்ணாந்து பார்த்து, காரணம் என்ற இடத்தில் "காற்று" என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தபோது, அவருடைய ஸ்கூட்டர் அவரை விட்டுவிட்டுத் தெருமுனை வரை போயிருந்தது.

தெருவிலேயே சுற்றாமல் நின்றது படகு இன்ஜின் ஒன்றுதான். முழுக்கக் கோத்து முடித்த மூன்றாம் நாள், பதினேழக்கா கிராங்கின் நுனியிலிருந்த கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் கடப்பாரையைக் கொடுத்து அழுத்தினாள். அசையவில்லை. தொண்ணூறு கிலோ எடை உள்ள சாரங்கு கடப்பாரையின் நுனியில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தொங்கினார். கடப்பாரை வளைந்தது, ஃப்ளைவீல் ஒரு பல் நகரவில்லை.

"புது இன்ஜின், கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும்" என்றார் சாரங்கு, தொங்கியபடியே ஆறுதலாக.

"டைட்டுக்கும் ஒரு அளவு இருக்குண்ணே. இது செத்த கட்டை மாதிரி கெடக்கு. எறங்குங்க."

அதே வாரம் மலையில் மழை பிடித்து ஆறு ஏறியது. இரவல் படகின் சொந்தக்காரர் வந்து அதைத் தம் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தண்ணீரில் துடுப்புப் படகு இறக்க யாருக்கும் துணிவில்லை. அக்கரை அக்கரையாகவும் இக்கரை இக்கரையாகவும் நின்றன. நடுவில் ஒன்றரை மைல் செந்நீர் ஓடியது.

பதினேழக்கா கோத்ததை எல்லாம் திரும்பக் கழற்ற ஆரம்பித்தாள். பிஸ்டனுக்கு மேல் எண்ணெய் தேங்கி அடைத்திருக்கிறதோ என்று டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை எடுத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. வால்வு இடிக்கிறதோ என்று ஹெட்டைத் தூக்கினாள். இடிக்கவில்லை. ரிங் பிடிக்கிறதோ என்று பிஸ்டன்களை ஒவ்வொன்றாக உருவினாள். நாலும் வழவழவென்று வந்தன. பல்சக்கரங்களைக் கழற்றினாள், ஃப்ளைவீலையும் கழற்றினாள். கடைசியில் வெறும் கிராங்கும் ஐந்து மூடிகளும்தான் மிஞ்சின. அப்போதும் அசையவில்லை. முதல் மூடியைத் தளர்த்திப் பார்த்து இறுக்கினாள், இரண்டாவதை, ஐந்தாவதை, நாலாவதை. மூன்றாவதை அரைச் சுற்றுத் தளர்த்தியதும் கிராங்க் சிறு பிள்ளையின் கை பட்டாலும் திரும்புகிற மாதிரித் திரும்பியது. அதே நொடியில் மேலே விசிறி ஒரு கணம் மெதுவாகி, பிறகு பழைய வேகத்தைப் பிடித்தது. திரும்ப இறுக்கினாள். கிராங்க் கட்டிக்கொண்டது, விசிறி திரும்பவும் ஒரு கணம் தடுமாறியது. விசிறியை அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. தெருவே அண்ணாந்து பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த சமயம் அது.

புது பேரிங் வரவழைத்துப் போட்டாள். கட்டிக்கொண்டது. கிராங்கின் கழுத்தை மைக்ரோமீட்டரில் நாலு பக்கமும் அளந்தாள். ஒரு மயிரிழை பிசகில்லை. மூடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "3" என்று குத்தியிருந்தது. மூன்றாவது இடத்தில்தான் போட்டிருந்தாள். தன் மேல் அவளுக்குக் கோபம் வந்தது, அதை இன்ஜின் மேல் காட்டினாள், பிறகு அதற்காக வெட்கப்பட்டு இன்ஜினைத் துடைத்து வைத்தாள்.

ஒரு நாள் மளிகைக்கடைக்காரர் தெருவில் நின்று கத்தினார். தையல்காரன் போனில் இருந்தான்.

"நான்தான்."

"தெரியுது."

"சாப்டியா?"

"ம். நீங்க?"

"சாப்டேன். ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சுப் போய் சாப்டேன். இங்க ஒண்ணும் திரும்ப மாட்டேங்குது, தெரியுமா? பூட்டுல சாவி திரும்பல. குழாய் திரும்பல. சைக்கிளெல்லாம் கட்டை வண்டி மாதிரி இழுத்துட்டுப் போறாங்க. நான் படகை விட்டு எறங்கினதும் இங்க இருக்கிற தையல் மிஷின் சக்கரத்துல கை வச்சேன், அப்பவே கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. அறுபத்து நாலு டவுசரையும் கையாலதான் தைக்கிறேன். விரல் சல்லடையாப் போச்சு."

அக்கரையில் டெலிபோன் எண்வட்டங்களும் இறுகிக்கொண்டதால் எவராலும் யாரையும் கூப்பிட முடியவில்லை என்றும், மருந்தகத்தில் பட்டன் அமுக்குகிற போன் ஒன்று இருந்ததால் ஊர் பிழைத்தது என்றும் அவன் சொன்னான். மருந்தகத்து நர்ஸ் பாட்டில் மூடி திறக்க முடியாமல் கழுத்தை உடைத்து, துணியில் வடிகட்டிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதையும் சொன்னான். இரண்டு நாளாகக் கிழவர்களுக்குக் கழுத்தும் திரும்பவில்லையாம். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு ஆளாகத் திரும்புகிறார்களாம்.

"படகு எப்ப வரும்?"

"மூணாவது மூடிகிட்ட புடிக்குது. பேரிங் மாத்திட்டேன். கிராங்கையும் அளந்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு, ஆனா சுத்த மாட்டேங்குது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "என்னன்னு தெரியலங்க."

என்னவென்று தெரியவில்லை என்று அவள் சொல்லி அவன் கேட்டது கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு குத்திக்காட்டவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலிலிருந்து ஒன்று சொன்னான்.

"சட்டை இடுப்புல புடிக்குதுன்னு ஒருத்தர் வந்தா நான் இடுப்ப மட்டும் அளக்க மாட்டேன். பாதி நேரம் தோள்ல தொளதொளன்னு விட்டிருப்போம், அதான் கீழ இழுக்கும். எங்க புடிக்குதோ அதை விட்டுட்டு, எங்க தொளதொளன்னு இருக்குன்னு பாரேன்."

அவள் ரிசீவரை வைத்துவிட்டு, கடைக்காரரின் தலைக்கு மேல் பறந்துகொண்டிருந்த விசிறியைப் பார்த்தாள். அன்றுதான் அதை உண்மையாகவே பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் பட்டறையைப் பூட்டிவிட்டு, ஒரு சாக்பீஸும் ஸ்டூலும் எடுத்துக்கொண்டு, தெருவின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனாள். கடிகாரங்களை நம்ப முடியாததால் தன் நாடித்துடிப்பையே கணக்காக வைத்துக்கொண்டாள். விசிறியைக் கழியால் தட்டி நிறுத்தி ஓர் இறக்கையில் வெள்ளைக் கோடு போட்டு, விட்டுவிட்டு, எழுபது துடிப்புக்குள் கோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினாள். ஆற்றோரம் முதல் வீட்டில் நாற்பது. ஏழாவது வீட்டில் எண்பது. சலூனில் நூற்றைம்பது. மாவு மில்லில் கோடு கோடாகத் தெரியாமல் வட்டமாகத் தெரிந்தது. பம்ப் ஹவுஸ் சுவரை ஒட்டிய கடைசி வீட்டில் விசிறி சுற்றுவதே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் குழாய் மூடியிருந்தது.

"எத்தனை நாளா மூடியிருக்கு?"

"உங்க கை ராசிக்கா" என்று எழுந்து உட்கார்ந்தார் ஆபரேட்டர். "நீங்க பூட்டிட்டுப் போன மறுநாள்லேர்ந்து ஒரு சொட்டு கேக்கல. நானும் கேக்காத புள்ளைக்கு எதுக்கு ஊட்டணும்னு மூடி வச்சிட்டேன். இப்படி ஒரு வேலை இந்த ஜில்லாவுலயே எவனும் செஞ்சதில்ல."

பதினேழக்கா பாராட்டைக் காதில் வாங்காமல், இன்ஜினின் வயிற்றில் காதை வைத்தாள். நடுவில், மூன்றாவது இடத்தில், தளர்ந்த செருப்புப் போட்டு நடக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவள் பட்டறைக்கு நடந்து, படகு இன்ஜினின் மூன்றாம் எண் மூடியைக் கழற்றி, முன்பக்கத்தை விட்டுவிட்டு விலாப்பக்கத்துக் கறையைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். அங்கே பொடி எழுத்தில் இன்ஜினின் சொந்த எண் இருந்தது. அது பம்ப் ஹவுஸ் இன்ஜினின் எண். இரண்டு மூடியிலும் "3" என்றுதான் குத்தியிருந்தது. மேசையில் இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒன்று மயிரிழை சிறிசு, ஒன்று மயிரிழை பெரிசு. அக்கரைக்குப் போக வேண்டிய தளர்ச்சி மொத்தமும் இந்தத் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, யாரும் பார்க்காத தைரியத்தில், புருஷன் சொன்ன சாக்பீஸ் விஷயத்தை நினைத்து ஒரு தடவை சத்தமாகச் சிரித்துக்கொண்டாள். அழுகையும் கூடவே கொஞ்சம் வந்தது, அதையும் துடைத்துக்கொண்டாள்.

பம்ப் இன்ஜினை நிறுத்தினால்தான் மூடியை மாற்றலாம். படகு இன்ஜினின் மூடியைக் கழற்றிய பிறகும் அது நிற்கவில்லை. டீசல் ஏற்கெனவே இல்லை. காற்று போகிற வாயை ஆபரேட்டரின் மெத்தையால் அடைத்தார்கள். காற்றும் வேண்டாம் என்று ஓடியது. ஆபரேட்டர் மனசுக்குள் மகிழ்ந்தார், வெளியே உதட்டைப் பிதுக்கினார். அந்த நேரத்தில் மில்லுக்காரம்மா கல்லில் ஒட்டிய மாவைச் சுரண்டுவதற்காக ஓர் ஆப்பை வைத்துக் கல்லை நிறுத்தினாள். இங்கே இன்ஜினின் துடிப்பு ஒரு தடவை தடுக்கியது. பதினேழக்கா அதைக் கேட்டாள். தெருவில் சுற்றுகிற ஒவ்வொன்றும் இன்ஜினோடு கண்ணுக்குத் தெரியாத பெல்ட்டில் மாட்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்தினால் இதுவும் நின்றாக வேண்டும்.

அன்று சாயங்காலம் அவள் மாவு மில் வாசலில் தெருவைக் கூட்டினாள். தப்பு தன்னுடையது, மூடி மாறிவிட்டது, இருபது வருஷத்தில் முதல் தடவை, அதற்கு வேறு யாரையும் சொல்வதற்கில்லை என்று ஒரே மூச்சில் சொன்னாள். நாளைக் காலை பம்ப் ஹவுஸ் சங்கு ஊதியதும் அவரவர் வீட்டில் சுற்றுவதை எல்லாம் அவரவர் பிடித்து நிறுத்த வேண்டும் என்றாள். தெரு உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தப்பு என்றால் இதைவிட நல்ல தப்பு உண்டா என்று சலூன்காரர் கேட்டார். ஓடுகிற இன்ஜினை எவனாவது பிரிப்பானா என்று ஆபரேட்டர் கேட்டார். மில்லுக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க படகு இன்ஜினுக்கு வேற மூடி வாங்கிப் போடுங்க. எங்க வயித்துல ஏன் அடிக்கிறீங்க?"

"வேற மூடி பொருந்தாதுக்கா. அந்தந்த இன்ஜினோட சேத்துக் கடைஞ்ச மூடி அது."

அப்போது, தையல்காரன் தினமும் கூப்பிடுகிற நேரத்துக்கு, எதிரே மளிகைக்கடையில் டெலிபோன் அடித்தது. பதினேழக்கா மில்லுக்காரம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ரிசீவரை அவள் காதிலேயே வைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரன், யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனான். இன்றைக்கு நர்ஸ் உடைத்த பாட்டிலில் பாதி மருந்து தரையில் போனது, ஒரு குழந்தை காய்ச்சலோடு காத்திருந்தது, மீதியை ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம், இப்போது தேவலை, உனக்கு விரல் காட்டினால் சிரிப்பாய், ஊசி குத்தாத இடம் நகம்தான். மில்லுக்காரம்மா கேட்டுக்கொண்டே நின்றாள்.

"தம்பி, நான் மில்லுக்காரி பேசறேன்" என்றாள் கடைசியில். "கல்ல நானே புடிச்சுக்கிறேன். நீ விரல்ல எண்ணெய் போடு."

அவள் திரும்பி வந்து கூட்டத்தைப் பார்த்தாள். சலூன்காரர் தம் நாற்காலியைத் தாமே பிடித்துக்கொள்வதாகச் சொன்னார்.

காலை பத்து மணி இருக்கலாம், வெயிலை வைத்துச் சொல்வதானால். சங்கு ஊதியது. முப்பது வீடுகளிலும் ஜனங்கள் ஸ்டூலில் ஏறி விசிறியைப் பிடித்தார்கள். ஒரு கையில் விசிறி, ஒரு காலில் சைக்கிள் சக்கரம், பல்லில் கடிகாரச் சாவி என்று நின்றவர்களும் உண்டு. சலூன்காரர் நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைக்காரர் எண்வட்டத்தில் விரலை விட்டு நிறுத்தினார், யாரோ ஒருவர் "ஹலோ" என்றதற்கு "அப்புறம் பேசறேன்" என்றார். மில்லுக்காரம்மா கல்லின் மேல் முழங்கால் போட்டுப் படுத்தாள். பம்ப் இன்ஜின் தள்ளாடியது, மூச்சு வாங்கியது, ஆனால் விழவில்லை. எங்கேயோ ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"யாரு இன்னும் புடிக்கல?" என்று பதினேழக்கா தெரு நடுவில் நின்று கத்தினாள். எல்லா ஜன்னலிலிருந்தும் புடிச்சாச்சு, புடிச்சாச்சு என்று பதில் வந்தது. அவள் மனசுக்குள் வீடுகளை எண்ணினாள். முப்பதுதான் வந்தது. முப்பத்தொன்றாவது அவளுடைய வீடு. அங்கேயும் பட்டறையிலும் விசிறியைப் பிடிக்கப் பக்கத்து வீட்டுப் பையன்களை நிறுத்தியிருந்தவள், தையல் அறையை மறந்திருந்தாள். புருஷன் போன அன்று தையல் அறையை வெளியே தாழ் போட்டவள் அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

ஓடிப்போய்த் திறந்தாள். தையல் மிஷின் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையின் நுனி எப்படியோ ஊசிக்குக் கீழே போய், இத்தனை நாளும் அதன் ஓரத்தை மடித்து மடித்துத் தைத்து, கடைசியில் நூல் தீர்ந்து, வெறும் ஊசி துணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கை பட்டுப் பட்டுப் பளபளத்த சக்கரத்தின் மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். அது ஒரு நிமிஷம் முரண்டு பிடித்தது. பிறகு நின்றது. தெருக்கோடியில் பம்ப் இன்ஜினின் சத்தம் அடங்கியது.

இனிமேல் கையை எடுக்க முடியாது. இன்ஜின் பக்கத்தில் ஆபரேட்டர் ஒருவர்தான் கை ஓய்வாக இருந்தார். அவள் ஜன்னல் வழியாக, "இன்ஜினோட பக்கவாட்டு மூடியத் திறந்து, மூணாவது மூடி, ரெண்டு போல்ட், தளத்தச் சொல்லு!" என்று கத்தினாள். பக்கத்து வீடு அடுத்த வீட்டுக்குச் சொல்லி, அது அதற்கு அடுத்த வீட்டுக்குச் சொல்லி, பம்ப் ஹவுஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மூணு ரொட்டியும் ரெண்டு பட்டாணியும் வேணுமாம் என்று ஆகியிருந்தது. ஆனால் ஆபரேட்டர் இன்ஜினை அறிந்த மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டார். ஸ்பேனர் எங்கே என்ற கேள்வி மட்டும் வீடு வீடாகத் திரும்பி வந்தது. பதினேழக்கா இடுப்பிலிருந்து அதை உருவி ஜன்னலில் நீட்டினாள். பிடித்துக்கொண்டிருந்த கையை விடாமல், மறு கையால் வாங்கி, ஜன்னலுக்கு ஜன்னல், வாசலுக்கு வாசல், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அந்த ஸ்பேனர் போயிற்று. இரண்டு வீட்டுக்கு இடையே கை எட்டாத இடத்தில் மேலே மெதுவாக எறிந்து பிடித்தார்கள். ஆபரேட்டர் வாங்கினார், பெருமூச்சு விட்டார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரித்தார். முதல் போல்ட், அடுத்த போல்ட். தெரு முழுக்கப் பிடித்திருந்த கைகளுக்குள் பொருள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இளகி, கனத்து, வெறும் பொருள்களாயின.

மில்லுக்காரம்மா கல்லிலிருந்து இறங்கி, "கரண்ட் இருக்கா, இல்லையா பாருங்கடா" என்றாள். இருந்தது.

மூடிகளை மாற்றிப் போட அரை நாள்கூட ஆகவில்லை. பம்ப் இன்ஜினின் பேரிங்கில் லேசாகக் கீறல் விழுந்திருந்ததால் அதற்கும் புதுசு போட்டாள். இந்த முறை ஒவ்வொரு மூடியை முறுக்கியதும் சுற்றிப் பார்த்தாள். புருஷனின் டப்பாவிலிருந்து எடுத்த தையல் சாக்பீஸால் ஒன்றில் அ என்றும் மற்றதில் இ என்றும் எழுதினாள். ஐந்தாவது மூடியும் இறுகியபின் படகு இன்ஜினின் கிராங்கைச் சுண்டுவிரலால் தொட்டாள். அது ஒரு முழுச் சுற்றுப் போய், இடத்துக்கு வந்து நின்றது. சாரங்கு தொங்குவதற்காகக் கடப்பாரையோடு வந்திருந்தார். வேலை இல்லாமல் போனதில் அவருக்குச் சின்ன வருத்தம்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளம் வடிந்த ஆற்றில் படகு இறங்கி, அக்கரைக்குப் போய், தையல்காரனைக் கூட்டி வந்தது. அவன் வீட்டுக்குள் வந்ததும் தையல் அறை வாசலில் நின்றான். திரையைக் கையில் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தான்.

"யாரு தச்சது?"

"உங்க மிஷின்தான். நீங்க இல்லாதப்ப."

"நேராத்தான் தச்சிருக்கு" என்றான் அவன்.

"சாக்பீஸ் விஷயம்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"பசிக்குது" என்றான். "மொதல்ல சாப்டலாம் வா."

அதற்குப் பிறகு இரு கரைக்கும் நடுவே ஒரு பழக்கம் வந்தது. அப்படி ஒரு தடவை மாறிப்போனது முழுக்கத் திரும்பி வரவில்லையோ என்னவோ, மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை, பம்ப் ஹவுஸ் தெருவில் ஏதாவது ஒன்று கரண்ட் இல்லாமல் சுற்றும். யாரும் கூட்டம் கூடுவதில்லை. முதலில் பார்க்கிறவர் அக்கரைக்குப் போன் போட்டு, அங்கே என்ன பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கேட்பார். அக்கரையில் ஏதாவது இறுகினால் அவர்கள் இங்கே கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் பட்டன் போன்தான். ஆபரேட்டர் ஓய்வு பெற்றுவிட்டார். மில்லுக்காரம்மாவின் மகள் படகேறி அக்கரையிலும் ஒரு மில் வைத்து, வாரம் மூன்று நாள் அங்கே அரைக்கிறாள். பதினேழக்காவுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளும் தையல்காரனும் சாப்பிட உட்கார்ந்தபோது, பக்கத்து அலமாரியில் வைத்திருந்த நூல்கண்டு ஒன்று தானாகச் சுற்றி நூலை விட ஆரம்பித்தது. அவன் இடது கையால் எட்டி அதைப் பிடித்துக்கொண்டான். அவள் போனை எடுத்தாள்.

"அங்க என்ன புடிச்சிருக்கு?"

அந்தப் பக்கம் மருந்தகத்தில் ஒரு டானிக் பாட்டில் மூடி.

"இப்ப திறந்து பாருங்க."

திறந்துவிட்டது என்று சொன்னார்கள். அவன் நூல்கண்டை விட்டுவிட்டு, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான்.